திராட்சைக் கொடி படருது, ஆனா காய்க்கலையா? ஏற்காடு மலையில் என்ன செய்யணும்?

கொடி மாடி வரைக்கும் ஏறிடுச்சு, ஒரு கொத்துகூட இல்லை. வீட்டில் திராட்சை வைத்த பலரின் புலம்பல் இது. பெரும்பாலும் காரணம், கவாத்து செய்யாமல் விடுவதுதான்.

குளிர் நாடுகளில் திராட்சை இலை உதிர்த்து ஓய்வெடுத்து, பிறகு துளிர்க்கும். நம்ம ஊரில் அந்த அளவுக்குக் குளிர் கிடையாது. வெட்டினால்தான் கொடிக்கு அடுத்த சுற்று தொடங்கும். 2023ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை வருஷம் முழுக்கக் கிடைப்பது எப்படி? அங்கே தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து மாதம் மாறும், அறுவடையும் மாறும்.

மாரமங்கலம் பக்கம் இரண்டு சிக்கல் உண்டு: நிழல், ஈரம். சில்வர் ஓக்கில் மிளகு ஏறுதே, திராட்சையையும் ஏற்றலாமான்னு நினைக்காதீங்க. மிளகு வேர் விட்டு மரத்தில் ஒட்டும், நிழலைத் தாங்கும். திராட்சை பற்றுக்கம்பியால் பிடித்து ஏறுவது. முழு வெயில் வேணும். காபித் தோட்டத்துக்குள் வைக்காமல், தண்ணீர் தேங்காத திறந்த இடத்தில் ஆறேழு அடி உயரப் பந்தல் போடுங்க.

வேர்விட்ட பன்னீர் ரகக் குச்சியை ஜூன், ஜூலையில் நடலாம். ஒரே தண்டை மட்டும் குச்சி கட்டி மேலே ஏற்றுங்க. பக்கக் கிளைகளைக் கிள்ளிவிடணும். பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளினால், இரண்டு பக்கமும் கைகள் பிரியும்.

கவாத்துதான் முக்கியம். சமவெளியில் வருஷத்துக்கு இரண்டு அறுவடை எடுப்பாங்க. மலையில் மழைக்காலக் காய்ப்பை விட்டுவிடுவதே நல்லது. பூவும் பிஞ்சும் ஈரத்தில் அழுகிப் போகும். ஜனவரியில், முற்றிப் பழுப்பான குச்சிகளில் நாலைந்து கண் விட்டு வெட்டுங்க. வெட்ட மனசு வராதுதான். ஆனால் பூங்கொத்து வருவது அந்தக் கண்ணிலிருந்து கிளம்பும் புதுத் துளிரில்தான். அறுவடை முடிந்ததும் காய்த்த குச்சிகளை இரண்டு கண் விட்டு வெட்டினால், மழைக்காலத்தில் வளரும் கொடி அடுத்த ஜனவரிக்குள் முற்றித் தயாராகிவிடும்.

இலையின் மேல்பக்கம் எண்ணெய்த் திட்டு மாதிரி மஞ்சள், அடியில் வெள்ளைப் பூசணம் தெரிந்தால் அது அடிச்சாம்பல் நோய். பனிமூட்டம் இதற்கு ரொம்பப் பிடிக்கும். 1 சத போர்டோ கலவை தடுக்கும்: 10 கிராம் மயில்துத்தம், 10 கிராம் சுண்ணாம்பு, 1 லிட்டர் தண்ணீர். இரண்டையும் தனித்தனியே கரைத்து, பிளாஸ்டிக் வாளியில் கலக்கணும். இரும்புப் பாத்திரம் ஆகாது. நோய் வரும் முன்பே தெளித்தால்தான் பலன்.

பறித்த பிறகு திராட்சை இனிக்காது. நிறத்தை நம்பாமல், கொத்தின் அடிநுனிப் பழத்தைச் சுவைத்துப் பாருங்க; கடைசியாகப் பழுப்பது அதுதான். அறுவடைக்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்திடுங்க. கோடை மழை முந்திக்கொண்டால் பழம் வெடிக்கும், அதுக்கு மட்டும் பந்தல் மேல ஒரு பிளாஸ்டிக் ஷீட் தயாரா இருக்கட்டும்.