ஒரு எலியும் அதன் மூன்று பெயர்களும்

மலர்க் குழுவினர் "துறை சம்பந்தமா ஏதாவது எழுதிக் கொடுங்க சார்" என்று கேட்டபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது நம் விலங்கியல் துறை அருங்காட்சியகத்தின் மர அலமாரிதான். இரண்டாம் ஆண்டு படிக்கும்போது ஃபார்மலின் ஜாடிகளுக்குப் புது லேபிள் எழுதும் வேலையைப் பேராசிரியர் என்னிடம் ஒப்படைத்தார். பழுப்பேறிய பழைய சீட்டுகளைக் கிழித்துப் போட்டுவிட்டு, விலங்கின் பெயரை மட்டும் முத்து முத்தாக எழுதி ஒட்டினேன். வந்து பார்த்தவர், "பேரை எழுதிட்டே, ஊரைத் தொலைச்சுட்டியேப்பா" என்றார். அதில் என்ன பெரிய தப்பு என்று அன்று எனக்கு விளங்கவில்லை. பல வருஷம் கழித்து அதை விளங்க வைத்தது தென் அமெரிக்க எலி ஒன்று.

அதன் கதை பீகிள் கப்பலில் தொடங்குகிறது. அர்ஜென்டினாவின் தென்கோடியில் சாந்தா குரூஸ் பகுதியிலும், சிலி நாட்டின் கொக்கிம்போவிலும் டார்வின் சில எலிகளைச் சேகரித்தார். லண்டன் விலங்கியல் சங்கத்தின் அருங்காட்சியகப் பொறுப்பாளர் ஜார்ஜ் வாட்டர்ஹவுஸ், 1837இல் அவற்றுக்குப் பெயர் சூட்டினார். கொக்கிம்போ எலிக்கு டார்வினி. சாந்தா குரூஸ் எலிக்கு, பின்புறம் மஞ்சளாக இருந்ததால், சாந்தோபைகஸ். காது இலை போல அகலமாக இருப்பதால் இந்த இனத்துக்கு ஃபில்லோட்டிஸ் என்ற பேரினப் பெயரும் அவர் தந்ததுதான்.

1912இல் ஓல்ட்ஃபீல்ட் தாமஸ், அர்ஜென்டினாவின் மெண்டோசா மலைப்பகுதியிலிருந்து வந்த எலிக்கு வக்காரம் என்று பெயரிட்டார். அதைத் தனி இனமாக அவர் கொள்ளவில்லை. டார்வினியின் ஓர் உட்பிரிவு என்றுதான் எழுதினார். 1958இல் அமெரிக்க ஆய்வாளர் ஆலிவர் பியர்சன் பேரினம் முழுவதையும் திருத்தி எழுதினார். தோலின் நிறமும் மண்டையோட்டின் அளவும் இடத்துக்கு இடம் சிறிது சிறிதாக மாறுவதைக் கண்டு, சாந்தோபைகஸையும் டார்வினிக்குள்ளேயே சேர்த்துவிட்டார். வரைபடத்தில் பெரு முதல் பட்டகோனியா வரை ஒரே எலி!

அது நிலைக்கவில்லை. 1980களில் சிலி நாட்டு ஆய்வாளர்கள் ஸ்போட்டோர்னோவும் வாக்கரும், மத்திய சிலியின் எலிகளை ஆய்வகத்தில் கலப்பு செய்து, உடலளவுகளையும் புரதங்களையும் ஒப்பிட்டு, இவை இரண்டு இனங்கள் என்றார்கள். டார்வினி சிலிக்குள் சுருங்கியது. மலை எலிகள் எல்லாம் சாந்தோபைகஸ் என்ற பெயருக்கு மாறின.

அடுத்தது மலையேறிகளின் பங்கு. 2013இல் சிலி-அர்ஜென்டினா எல்லையிலுள்ள யுயாய்யாக்கோ எரிமலையில், 6,205 மீட்டர் உயரத்தில், பனியின் மேல் எலி ஒன்று ஓடுவதை இரண்டு மலையேறிகள் பார்த்தார்கள். 2020 பிப்ரவரியில் ஜே ஸ்டோர்ஸ் என்ற உயிரியலாளரும் மலையேறி மரியோ பெரெஸ் மாமானியும் 6,739 மீட்டர் உச்சியிலேயே ஓர் எலியை உயிருடன் பிடித்தார்கள். செடி கொடி கிடையாது. கடல்மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் பாதிகூட இல்லை. உலகில் இவ்வளவு உயரத்தில் வேறு எந்தப் பாலூட்டியும் பிடிபட்டதில்லை.

"இன்கா மக்கள் வழிபாட்டுக்கு மேலே போனபோது கூடவே போயிருக்கும்" என்று ஒரு யூகம் இருந்தது. அதே உச்சியில் 1999இல் இன்கா காலத்துக் குழந்தைகளின் உறைந்த உடல்கள் மூன்று கிடைத்தது பலருக்கும் தெரிந்த செய்தி. ஆனால் அதே வட்டாரத்தின் சாலின், புலார், கொப்பியாப்போ சிகரங்களில் காய்ந்து கிடந்த 13 எலிகளை ஆராய்ந்த முடிவு 2023இல் வெளியானது. மிகப் பழையதற்கும் அதிகபட்சம் சுமார் 350 வயதுதான். இன்கா ஆட்சி முடிந்து வெகுகாலத்துக்குப் பிறகு வாழ்ந்தவை. ஆணும் பெண்ணும் இருந்தன, நெருங்கிய உறவுள்ள ஜோடிகளும் இருந்தன. யாரும் கொண்டுபோய் விடவில்லை. தாமாகவே ஏறிக் குடியிருந்தவை.

யுயாய்யாக்கோ எலியை 2020இல் சாந்தோபைகஸ் என்றுதான் அச்சிட்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் மரபணு ஆய்வு அந்தக் கூட்டத்தையும் பிரித்தது. சாந்தோபைகஸ் தெற்கே பட்டகோனியாவுக்குப் போய்விட்டது. சிகர எலிக்குக் கிடைத்தது, தாமஸ் 1912இல் வைத்த பழைய பெயர்: வக்காரம். இன்று அது தனி இனம். வட சிலியின் கடலோரப் பாலைவனத்திலிருந்து 6,739 மீட்டர் வரை அதன் ராஜ்யம்.

இத்தனை தடவை பிரித்தும் சேர்த்தும் எழுத முடிந்தது எப்படி? ஒவ்வொரு தோலிலும் பிடித்த ஊர் எழுதிய சீட்டு தொங்கியது, அவ்வளவுதான். பெயர் தப்பாகப் போனாலும் அடுத்து வருபவர் திருத்திக்கொள்ளலாம். ஊர் போய்விட்டால் எந்த மரபணு ஆய்வும் அதைத் திருப்பித் தராது. இதில் டார்வினே ஒருமுறை சறுக்கியவர். காலபகோஸ் குருவிகளைத் தீவுவாரியாகக் குறிக்காமல் விட்டுவிட்டு, பிறகு கப்பலில் உடன் வந்தவர்களின் சேகரிப்பைக் கேட்டு வாங்கிச் சரிபார்த்தார்.

நான் தொலைத்ததையும் அப்படிக் கேட்டு வாங்கலாம் என்று நினைக்கிறேன். அலமாரியில் என் கையெழுத்தில் ஊரில்லாத ஜாடிகள் இன்னும் இருக்கின்றன. நம் பழைய மாணவர்கள் சுற்றுலாவிலிருந்தும் வயல்வெளியிலிருந்தும் கொண்டுவந்தவைதான் பாதிக்கு மேல். யாரிடமாவது அந்தக் காலத்து ரெக்கார்டு நோட்டு, டைரி, பின்பக்கம் தேதி எழுதிய போட்டோ இருந்தால் துறைக்கு ஒரு கடிதம் போடுங்கள். இன்றைய மாணவர்களே, புது லேபிள் ஒட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பழையதைக் கிழிக்காமல் ஜாடிக்குள்ளேயே விட்டுவிடுங்கள்.