மார்பகச் சீரமைப்பு: நிபுணரைப் பார்க்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

தாய்ப்பால் கொடுத்ததால்தான் மார்பகம் தளர்ந்துவிட்டது என்று நம் பெண்கள் பலர் நம்புகிறார்கள். அது சரியன்று. கர்ப்ப காலத்தில் மார்பகம் பெருத்துப் பிறகு சுருங்குவது, உடல் எடை ஏறி இறங்குவது, வயது, புகைப்பழக்கம் ஆகியவையே முக்கியக் காரணங்கள். தளர்வு ஒரு நோயும் அன்று. சிகிச்சை செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இல்லை. ஆனால், செய்துகொள்ள நினைக்கும் பெண் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் முகநூல் விளம்பரத்தை நம்பிப் போவதுதான் கவலை தருகிறது.

இந்த அறுவைச் சிகிச்சையில் மிகுதியான தோலை அகற்றி, உள்ளிருக்கும் திசுவை மேலேற்றி, காம்பையும் அதைச் சுற்றியுள்ள கருவட்டத்தையும் உயரமான இடத்திற்கு மாற்றுவார்கள். மார்பகத்தின் அளவு இதனால் கூடாது. அளவைக் கூட்ட சிலிகோன் பை வைப்பது வேறு, அளவைக் குறைப்பது வேறு. மார்பகத்தின் கனத்தால் கழுத்து, தோள், முதுகு வலியும், மடிப்பில் அடிக்கடி புண்ணும் வருகிறதென்றால் அது அழகு சார்ந்த பிரச்சினை அல்ல. அரசாங்க கிளினிக்கில் சொல்லி, அரசாங்க மருத்துவமனையின் பிளாஸ்டிக் அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்கலாம்.

விளம்பரப் படங்களில் தெரியாதது தழும்பு. தளர்வு குறைவென்றால் கருவட்டத்தைச் சுற்றி மட்டும் வெட்டுவார்கள். சற்று அதிகமென்றால் அங்கிருந்து கீழ்நோக்கி இன்னொரு கோடு வரும். மிக அதிகமென்றால் மார்பக மடிப்பின் நெடுகிலும் மூன்றாவது கோடு, நங்கூர வடிவத்தில். தழும்பு மங்க ஓராண்டு ஆகலாம், முழுமையாக மறையாது. நம்மைப் போன்ற கருநிறத் தோலில் தழும்பு தடித்துப் புடைக்கும் ‘கீலாய்ட்’ வரும் வாய்ப்பு கூடுதல். காது குத்திய இடமோ, அம்மை ஊசி போட்ட இடமோ, பிரசவ அறுவைத் தழும்போ தடித்திருந்தால் அதை நிபுணரிடம் காட்டுங்கள். அவர் கேட்காவிட்டாலும் காட்டுங்கள்.

யார் செய்கிறார், எங்கே செய்கிறார் என்பது விலையைவிட முக்கியம். அழகியல் சிகிச்சைக்கு எல்.சி.பி. சான்றிதழ் வைத்திருக்கும் பொது மருத்துவர் சில ஊசி, லேசர் சிகிச்சைகளைச் செய்யலாம். இந்த அறுவைக்கு அச்சான்றிதழ் போதாது. மருத்துவரின் பெயர் மலேசிய மருத்துவ மன்றப் பதிவிலும், தேசிய நிபுணர் பதிவேட்டில் பிளாஸ்டிக் அறுவைத் துறையின்கீழும் இருக்கிறதா என்று இணையத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம். அறுவை நடக்கும் இடமும் 1998ஆம் ஆண்டுத் தனியார் சுகாதாரப் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் சுகாதார அமைச்சின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். 2020 அக்டோபரில் செராஸில் ஓர் அழகு நிலையத்தில் கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சை செய்துகொண்ட 23 வயதுப் பெண் உயிரிழந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

முதல் சந்திப்புக்குப் போகும்போது சாப்பிடும் மருந்துகள் அத்தனையையும் பையில் எடுத்துச் செல்லுங்கள். ஜாமு, மீன் எண்ணெய், பூண்டு மாத்திரை, வைட்டமின் ஈ எல்லாம் இதில் சேரும். இவற்றில் சில இரத்தக் கசிவைக் கூட்டும். ‘நாட்டு மருந்துதானே’ என்று சொல்லாமல் விடுவது ஆபத்து. இனிப்புநீர் உள்ளவர்கள் அண்மைய எச்பிஏ1சி முடிவைக் கொண்டு போக வேண்டும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லையென்றால் காயம் ஆறாது, கிருமி தொற்றும். நம் சமூகத்தில் இனிப்புநீர் அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. புகைப்பவர்கள் அறுவைக்குக் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். தாயாருக்கோ சகோதரிக்கோ மார்பகப் புற்றுநோய் இருந்திருந்தால் மறைக்காதீர்கள். 40 வயதைக் கடந்தவர்களுக்கு முன்கூட்டியே மேமோகிராம் எடுக்கச் சொல்வது வழக்கம்.

இன்னும் பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் பொறுத்திருப்பதே நல்லது. அடுத்த கர்ப்பம் செய்ததைக் கலைத்துவிடக்கூடும். தாய்ப்பால் சுரப்பும் குறையலாம். பால் கொடுப்பதை அண்மையில் நிறுத்தியவர்களும் மார்பகம் பழைய நிலைக்கு வரச் சில மாதங்கள் காத்திருக்க வேண்டும்.

நிபுணர் மார்பகத்தைத் தொட்டு, அளந்து, படமும் எடுப்பார். பெண் தாதி உடனிருக்க வேண்டும் என்று கேட்கலாம், கூச்சப்பட ஒன்றுமில்லை. படம் விளம்பரத்தில் வரக்கூடாது என்றால் எழுத்தில் சொல்லுங்கள். சம்மதப் பாரம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருந்து புரியவில்லையென்றால், புரியும் மொழியில் விளக்கம் கேட்ட பிறகே கையெழுத்திடுங்கள். எந்த வகை வெட்டு, காம்பின் உணர்ச்சி குறையுமா, இரண்டு பக்கமும் ஒன்றுபோல் வராவிட்டால் என்ன செய்வார், மறு அறுவைக்குச் செலவு யாருடையது? இந்தக் கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அறைக்குள் போனதும் பாதி மறந்துவிடும்.

வேலையைப் பற்றியும் சொல்லுங்கள். அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை செய்பவர் ஓரிரு வாரத்தில் திரும்பிவிடலாம். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கி மூட்டை தூக்குபவருக்கும், தொழிற்சாலையில் பெட்டி சுமப்பவருக்கும் அது நடக்காது. நான்கு முதல் ஆறு வாரம் பாரம் தூக்கக்கூடாது, கையைத் தோளுக்கு மேல் உயர்த்துவதும் ஆகாது. கைக்குழந்தையைத் தூக்குவதும் பாரம்தான். அத்தனை நாள் வீட்டு வேலையை யார் பார்ப்பது என்பதைக் குடும்பத்தில் முன்பே பேசி வையுங்கள்.

செலவைப் பொறுத்தவரை, அழகுக்காகச் செய்யும் அறுவைக்கு மருத்துவக் காப்புறுதி பொதுவாகப் பணம் தராது. நிபுணர், மயக்க மருந்து மருத்துவர், அறுவைக்கூடம், மருந்து, பிறகு போடும் பிரத்தியேக உள்ளாடை எல்லாம் சேர்ந்த முழுக் கணக்கை எழுத்தில் வாங்குங்கள். ‘இன்றே முன்பணம் கட்டினால் தள்ளுபடி’ என்று சொல்லும் இடத்திலிருந்து கிளம்பிவிடுங்கள். வேறொரு நிபுணரைப் பார்க்கும் செலவு அதைவிட எவ்வளவோ குறைவு.