குன்னூரில் அளந்திட்ட அன்னம்

திருவெள்ளறைப் புண்டரீகாக்ஷப் பெருமாளுக்குப் பச்சரிசி அன்னம் நிவேதனமாவதும், காவிரிக்கரை இல்லங்களில் புழுங்கலரிசிச் சோறு நித்திய ஆகாரமாவதும் தொன்றுதொட்ட வழக்கமாயினும், அவ்விரண்டுக்கும் தேக நலத்தில் உள்ள பேதத்தை நிறுத்துக் காட்டிய சாஸ்திரம் அன்றைய சென்னை மாகாணத்துக் குன்னூரிலேயே வளர்ந்தது என்பதைப் பலர் அறியார்.

1918இல் அங்குள்ள பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கிய மருத்துவர் ராபர்ட் மக்காரிசன், பின்னாளில், இருப்பிடம் முதலிய யாவும் சமமாயிருக்க உணவை மட்டும் மாற்றி, சீக்கியர், பட்டாணியர், மராட்டியர், வங்காளியர், சென்னை மாகாணத்தார் ஆகியோர் உண்ணும் விதமாகவே எலிக் கூட்டங்களை ஊட்டி வளர்த்தார். கோதுமை ரொட்டியும் பாலும் பருப்பும் காய்கறியும் உண்ட சீக்கியக் கூட்டம் முதலிடம் பெற, நம்மவர் உணவை உண்டது கடைசியில் நின்றது. இது இனத்தின் குறையன்று. பாலும் கீரையும் சுருங்கிய இலையின் குறை.

அவருக்குப்பின் வந்த அய்க்ராய்டு, சக ஆய்வாளர் கிருஷ்ணனோடு சேர்ந்து, ஆடை நீக்கிய பால் பெற்ற சிறுவரையும் பெறாத சிறுவரையும் ஒப்பிட்டு, முன்னவர் உயரத்திலும் எடையிலும் மிகுந்ததை 1937இல் வெளியிட்டார்.

இனி, முதலில் சொன்ன அரிசிப் பேதத்துக்கு வருவோம். நெல்லைப் புழுக்கும்போது தயமின் சத்து அரிசியின் உள்ளே ஊறிவிடுவதால், ஆலையில் தீட்டிய பின்னும் கணிசமாக எஞ்சுகிறது. தீட்டிய பச்சரிசியை உண்ட தெலுங்கு வடசர்க்கார் ஜில்லாக்களில், அச்சத்துக் குறைவால் வரும் பெரிபெரி பரவியபோது, தமிழ் ஜில்லாக்கள் பெரும்பாலும் தப்பியதற்கு இதுவே முக்கிய காரணம். கஞ்சியை வடித்துக் கொட்டும் இல்லத்தார், அதனோடு அச்சத்தும் போவதை எண்ணி, அதை வீணாக்காதிருக்க வேண்டுகிறேன்.