மிதிவண்டியின் கியர் வயர்

கியர் வயர் என்பது மிதிவண்டியில் ஓட்டுநர் இயக்கும் கியர் நெம்புகோலின் அசைவைப் பின்சக்கரத்தருகே உள்ள சங்கிலிமாற்றிக்குக் கொண்டுசெல்லும் எஃகு வடம் ஆகும். இழைகளை முறுக்கிச் செய்த உள்வயரும் அதைச் சூழ்ந்த உறையும் இதன் பகுதிகள். புதிய வயர் போட்ட பிறகு கியர் முன்பைவிட மோசமாக விழுகிறது என்பது பழுதுபார்க்கும் கடைகளில் வழக்கமாகக் கேட்கும் குறை. இந்தக் குறைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1984க்கு முன் வயரில் நேரும் சிறு தளர்வை யாரும் பொருட்படுத்த வேண்டியிருக்கவில்லை.

போடன் வயர்

உறைக்குள் ஓடும் வயருக்கு எர்னஸ்ட் மானிங்டன் போடன் 1896இல் பிரித்தானியக் காப்புரிமை பெற்றார். ராலி மிதிவண்டி நிறுவனத்தின் ஃபிராங்க் போடனே இதைக் கண்டுபிடித்தவர் என்று எழுதுவோர் உண்டு. அது பெயர் ஒற்றுமையால் வந்த குழப்பம். உள்வயர் இழுபடும்போது உறை அதே விசையுடன் அழுத்தப்படுகிறது. உறை சுருங்காமல் நின்றால்தான் இழுத்த நீளம் முழுவதும் மறுமுனையை எட்டும். கம்பி பிரேக்கும் ஒரே கியரும் கொண்ட இந்தியாவின் பழைய கருப்புச் சைக்கிள்களுக்கு இந்தக் கவலை இல்லை.

பந்தயங்களில் சங்கிலிமாற்றி தாமதமாகவே நுழைந்தது. டூர் டி பிரான்ஸ் போட்டியைத் தொடங்கிய ஆன்ரி தெகிராஞ்சு அதை விரும்பவில்லை. 1937இல்தான் அனுமதி கிடைத்தது. அவ்வாண்டு ரோஜெர் லப்பேபி வென்றார். 1948இல் ஜீனோ பர்த்தாலி வென்றபோதும் அவரது வண்டியில் இருந்த கம்பனியோலோ சாதனம் வயரால் அன்றி, இருக்கைக்குக் கீழே பின்புறம் இருந்த கம்பிகளால் இயங்கியது. வயரால் இயங்கும் இணைகர வடிவச் சங்கிலிமாற்றி 1950களில் பரவியது.

அக்கால நெம்புகோல் உராய்வினால் மட்டுமே நின்ற இடத்தில் நின்றது. சங்கிலி உரசினால் ஓட்டுநர் ஓசையைக் கேட்டு விரலால் சற்று நகர்த்திக்கொள்வார். உறை ஓரிரு மில்லிமீட்டர் சுருங்கினாலும் அவருடைய காதும் கையும் அதை ஈடுசெய்துவிடும்.

1984

ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் 1984இல் டியூரா ஏஸ் வரிசையில் எஸ்.ஐ.எஸ். முறையைக் கொண்டுவந்தது. ஒரு சொடுக்குக்கு ஒரு கியர். ஓட்டுநரின் திறமையிடம் இருந்த பொறுப்பு அன்று முதல் வயரின் நீளத்திடம் போனது. ஷிமானோவின் 8 கியர் அமைப்பில் ஒரு சொடுக்கு வயரை ஏறத்தாழ 2.8 மி.மீ. இழுக்கும், சங்கிலிமாற்றி அதை 1.7 மடங்காக்கி, 4.8 மி.மீ. தள்ளியுள்ள அடுத்த பற்சக்கரத்துக்குச் சங்கிலியைக் கொண்டுபோகும். வழியில் அரை மி.மீ. தொலைந்தால் சங்கிலி 0.85 மி.மீ. விலகி நிற்கும். 10 கியர் அமைப்பில் பற்சக்கர இடைவெளியே 3.95 மி.மீ.தான்.

சுருள்கம்பியால் ஆன பழைய உறை வளையும்போது நீளம் மாறுவதால் இந்தத் துல்லியத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. எனவே நெடுக்குவாட்டில் கம்பிகள் அடுக்கிய, சுருங்காத உறை வந்தது. இதைப் பிரேக்குக்குப் பயன்படுத்துவது ஆபத்தானது: பலமாகப் பிடிக்கும்போது கம்பிகள் பிதுங்கி உறை வெடித்துவிடக்கூடும். அவசரத்துக்குக் கிடைத்ததை மாட்டுவோர் இதை மறந்துவிடுகின்றனர்.

புதிய வயரின் கோளாறுகள்

புது வயர் 'நீண்டுவிட்டது' என்பது பொதுவான பேச்சு. எஃகு அவ்வளவு நீளாது. உறையின் முனைகள் தம் மூடிகளுக்குள் நன்றாக அமர்வதே தளர்வுக்குப் பெரும்பாலும் காரணம். வழக்கமான பின் சங்கிலிமாற்றியில் வயர் பெரிய பற்சக்கரத்தை நோக்கி இழுக்கும். வில் சிறியதை நோக்கித் திருப்பும். ஆகவே பெரியதற்கு ஏறத் தயங்கினால் வயர் தளர்ந்திருக்கிறது. சரிசெய்யும் திருகை அரைச் சுற்று வெளியே திருப்பி வயரை இறுக்கினால் போதும். சிறியதற்கு இறங்கத் தயங்கினால் வயர் அதிகம் இறுகியிருக்கலாம், அல்லது உள்ளே உராய்வு இருக்கலாம். ஏறுவதைச் சரிசெய்தால் இறங்குவதும், இறங்குவதைச் சரிசெய்தால் ஏறுவதும் கெட்டால் குற்றவாளி உராய்வுதான். எவ்வளவு திருகினாலும் பயனில்லை.

உராய்வு பெரும்பாலும் உறையை வெட்டிய இடத்தில் பிறக்கிறது. சாதாரண கட்டிங் பிளேயரால் வெட்டினால் முனை நசுங்கி, உள்ளிருக்கும் பிளாஸ்டிக் குழாய் வயரைக் கவ்விக்கொள்ளும். முனையை அரத்தால் சமன்செய்து, குழாயின் வாயை ஊசியால் திறந்துவிட வேண்டும். பின்சக்கரத்தருகே வளையும் கடைசி உறைத்துண்டு குட்டையாக இருந்தாலும் இதே தொல்லைதான்.

சில கியர்கள் மட்டும் சரியாக விழுந்து மற்றவை பிசகினால், வயர் பிடிதிருகின் தவறான பக்கத்தில் மாட்டப்பட்டிருக்கலாம். அப்போது நெம்புகோல் விகிதமே மாறிவிடும். இத்தனையையும் விட்டுவிட்டு முதலில் எல்லைத் திருகுகளைத் திருப்புவோரே அதிகம். வயரை மாற்றுவதால் எல்லைகள் மாறுவதில்லை; முன்பு சரியாக இருந்த அவற்றைக் கலைத்தால், சங்கிலி ஆரக்கால்களுக்குள் விழும் அபாயம் புதிதாகச் சேரும்.