தளம் மூடப்பட்டாலும் பதிவுகள் எம்மிடம் இருக்க வேண்டும்

பரந்தன் – முல்லைத்தீவு வீதியிலுள்ள விசுவமடு மக்களுக்கு, ஆவணங்களை இழப்பதன் துயரத்தை எவரும் எடுத்துரைக்கத் தேவையில்லை. 2009 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் யுத்தத்தால் இடம்பெயர்ந்தவர்களுள் பலர் காணி அனுமதிப்பத்திரங்களையும் பிறப்புச் சான்றிதழ்களையும் இழந்தனர். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களும் இதே துயரை அனுபவித்தவர்களே. கூட்டுறவுச் சங்கம், பாடசாலை, பள்ளிவாசல் என்பவற்றின் பதிவேடுகள் கணினிக்கு மாறிவரும் இன்றைய நிலையில், இழப்பு வேறொரு வழியாகவும் வரக்கூடும் என்பதை நாம் உணர வேண்டும்.

ஒரு மென்பொருள் தனித்து நிற்பதில்லை. அது ஏதேனுமொரு உருவாக்கத் தளத்தின் மீதே கட்டப்படுகின்றது. சிலர் மாத்திரம் பயன்படுத்தும் தளமொன்றில் வேலை விரைவாகவும் மலிவாகவும் முடியலாம். ஆனால் அதனை அறிந்த வல்லுநர் அரிதாகவே கிடைப்பர். பயன்படுத்துவோர் குறைந்தால் உரிமையாளர் அதனைக் கைவிடவும் கூடும்.

கூகுள் நிறுவனத்தின் ஆப் மேக்கர் இதற்குத் தக்க சான்றாகும். நிறுவனங்கள் தமது உள்தேவைக்கான மென்பொருள்களை எளிதில் அமைத்துக்கொள்ள உதவிய அத்தளத்தை, பயன்பாடு குறைவு என்ற காரணத்தைக் காட்டி, 2021 ஜனவரி 19 ஆம் திகதியுடன் கூகுள் மூடிவிட்டது. அதில் அமைக்கப்பட்ட மென்பொருள்களும் அன்றே செயலிழந்தன. அவற்றின் நிரல்கள் அத்தளத்துக்கே உரியவையாக இருந்தமையால், நேரடியாக வேறிடத்துக்கு மாற்ற இயலவில்லை. உலகப் பெருநிறுவனம் ஒன்றின் தளத்துக்கே இந்நிலை என்பது கவனிக்கத்தக்கது.

பேஸ்புக் நிறுவனம் 2013 இல் வாங்கிய பார்ஸ் என்ற தளமும் 2017 ஜனவரியில் மூடப்பட்டது. எனினும், அதன் சேவைப் பகுதி திறந்த மூலமாக முன்கூட்டியே வெளியிடப்பட்டதனால், பயனாளர்கள் அதனைத் தமது சொந்தக் கணினிகளில் இயக்கிக்கொள்ள முடிந்தது. இரண்டு தளங்களும் மூடப்பட்டன. ஆயினும் ஒன்றில் வெளியேறும் வழி இருந்தது, மற்றதில் இருக்கவில்லை.

எமது நாட்டிலேயே இதற்கு நல்லதொரு முன்னுதாரணம் உண்டு. முல்லைத்தீவுக் கரையையும் அழித்த 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின் பின்னர், காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவுசெய்வதற்காக இலங்கைத் தன்னார்வலர்கள் 'சஹானா' என்ற திறந்த மூல மென்பொருளை உருவாக்கினர். பிஎச்பி மொழியில் எழுதப்பட்ட அது, பின்னர் பைதன் மொழியில், ஒப்பீட்டளவில் சிலரே பயன்படுத்தும் வெப்டூபை என்ற சட்டகத்தின் மீது 'சஹானா ஈடன்' எனப் புதிதாக எழுதப்பட்டது. 2010 இல் ஹெய்ட்டி பூகம்பத்தின்போதும் சஹானா பயன்பட்டது. அடித்தளம் மாறியும் அம்முயற்சி தொடர்ந்தமைக்கு அதன் மூலநிரல் எவருக்கும் கிடைக்கக்கூடியதாய் இருந்தமை முக்கிய காரணமாகும்.

எனவே, சிறிய தளங்களை முற்றாக ஒதுக்க வேண்டும் என்பது எமது கருத்தன்று. மென்பொருளொன்றுக்குப் பணம் செலுத்துமுன் ஒவ்வொரு நிர்வாகமும் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். பதிவுகள் முழுவதையும் பொதுவான கோப்பு வடிவில், ஒருங்குறித் தமிழில், நாமே வெளியே எடுக்க முடியுமா? மூலநிரல் எமக்கு வழங்கப்படுமா? இதனை உருவாக்கியவர் விலகினால் பராமரிக்க வேறொருவர் கிடைப்பாரா? இவற்றுக்கான பதில்கள் ஒப்பந்தத்தில் எழுத்தில் இடம்பெற வேண்டும். பதிவுகளின் பிரதியொன்றைக் காலந்தோறும் எடுத்து வேறிடத்தில் பாதுகாப்பதும் அவசியம்.

வன்னியில் கணினி கற்கும் இளைஞர்களுக்கும் இது பொருந்தும். ஒரே தளத்தின் பொத்தான்களை மட்டும் பழகியவரின் திறன் அத்தளத்துடனேயே முடங்கிவிடும். நிரலாக்கத்தின் அடிப்படையையும் தரவுத்தள அறிவையும் பெற்றவர் எத்தளத்துக்கும் மாறிக்கொள்வார். ஒருமுறை ஆவணங்களைப் பறிகொடுத்த மக்களின் பதிவுகள் பிறரது வணிகத் தீர்மானத்தால் மீண்டும் அழிய நாம் இடமளிக்கலாகாது.