சிக்கித்தோஸ் ஊரார் காத்த இசை

பொலிவியாவின் கிழக்குச் சமவெளியில் சிக்கித்தோஸ் என்றொரு பகுதி. அங்குள்ள சிற்றூர்களின் மரத்தூண் தேவாலயங்களில் 1996 முதல் இரண்டாண்டுக்கு ஒருமுறை பரோக் இசைவிழா நடக்கிறது. ஐரோப்பாவிலிருந்து வரும் தேர்ந்த குழுக்கள் பாடும் அதே பலிபீடத்தின் முன், உள்ளூர்ப் பிள்ளைகளின் பாடகர் குழுக்களும் நின்று பாடுகின்றன. லத்தீனிலும் ஸ்பானியத்திலும் மட்டுமல்ல, சிக்கித்தானோ மொழியிலும் பாடல்கள் உண்டு. அந்தப் பழைய இசை இன்று கேட்கக் கிடைப்பதற்குக் காரணமே அந்த ஊர்க்காரர்கள்தான்.

1691இல் இயேசு சபைத் துறவிகள் சான் ஹவியேரில் முதல் குடியிருப்பை அமைத்தார்கள். அப்போது சாவோ பாவுலோவிலிருந்து அடிமை வேட்டைக்காரர்கள் வந்து ஆட்களைப் பிடித்துப் போன காலம். காட்டில் சிதறி வாழ்ந்த குடிகள் மதில் போன்ற ஒரு பாதுகாப்பைத் தேடி வந்ததில் வியப்பில்லை. அடைக்கலம் கிடைத்தது. ஆனால் பல மொழி பேசியவர்கள் சிக்கித்தானோ என்ற ஒரே மொழிக்குள் கொண்டுவரப்பட்டார்கள். மற்ற மொழிகள் பலவும் கரைந்துபோயின. இனிய இசையின் வரலாற்றில் இந்த இழப்பையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1730இல் மார்ட்டின் ஷ்மிட் வந்தார். சுவிட்சர்லாந்துக்காரர், துறவி, கட்டடக் கலைஞர், இசைவாணர், எல்லாம் அவரே. சான் ரஃபேல், சான் ஹவியேர், கொன்செப்சியோன் ஆகிய ஊர்களின் தேவாலயங்கள் அவர் எழுப்பியவை. ஊராரோடு சேர்ந்து வயலின்களும் ஆர்கன்களும் செய்தார். அவற்றை வாசிக்கவும் கற்றுக்கொடுத்தார். அங்கே பெரிதும் விரும்பிப் பாடப்பட்டவற்றில் தோமெனிக்கோ சிப்போலியின் இசையும் உண்டு. ரோமில் ஆர்கன் கலைஞராக விளங்கிய சிப்போலி, 1717இல் எல்லாவற்றையும் விட்டுத் தென் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். 1726இல் அர்ஜென்டினாவின் கோர்தோபா அருகே இறந்தார். சிக்கித்தோஸை அவர் கண்ணால் கண்டதே இல்லை. அவருடைய இசைத்தாள்கள் மட்டும் காடு கடந்து வந்து சேர்ந்தன.

1767இல் ஸ்பானிய மன்னரின் ஆணைப்படி இயேசு சபையார் அனைவரும் வெளியேற்றப்பட்டார்கள். முதியவரான ஷ்மிட்டும் போனார். ஆசிரியர்கள் போனபின் பாட்டும் போயிருக்க வேண்டும், போகவில்லை. சாந்தா ஆனா தேவாலயம் அதற்குப் பிறகு எழுந்ததுதான். இசைத்தாள்களை ஊர் இசைஞர்கள் தொடர்ந்து படியெடுத்து வந்தார்கள். 1831இல் அவ்வழியே வந்த பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் அல்சீட் தோர்பிஞி, தேவாலயத்தில் கேட்ட இசையை வியந்து எழுதினார். துறவிகள் போய் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது.

1972இல் தேவாலயங்களைப் பழுதுபார்க்க வந்த சுவிஸ் கட்டடக் கலைஞர் ஹன்ஸ் ரோத், சான் ரஃபேலிலும் சாந்தா ஆனாவிலும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இசைப் பக்கங்களைத் திரட்டினார். இன்று அவை கொன்செப்சியோனின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. போலந்துப் பாதிரியாரும் இசை ஆய்வாளருமான பியோத்தர் நவ்ரோத் அவற்றைப் படித்து, இன்றைய பாடகர்கள் பாடும்படி பதிப்பித்தார். இருவரின் உழைப்பும் பெரிது. ஆயினும் இதை வெளியாரின் கண்டுபிடிப்பு என்று மட்டும் எழுதுவது நியாயமில்லை. கறையானும் ஈரமும் தின்னும் ஊரில் காகிதம் இருநூறு ஆண்டு தானாகப் பிழைத்திருக்காது.

விழா வளர வளர, பாடுவோர் வட்டமும் விரிந்தது. உருபிச்சா என்பது குவராயோ மக்களின் ஊர். அங்கே கிறித்தவத்தைக் கொண்டுவந்தவர்கள் இயேசு சபையார் அல்லர், பிரான்சிஸ்கன் சபையார். ஆயினும் அந்த ஊரின் இசைப்பள்ளியிலிருந்துதான் விழாவின் பெயர்பெற்ற பாடகர் குழுவும் வாத்தியக் குழுவும் வந்தன. வயலின்களை அவர்களே செய்துகொள்கிறார்கள். வடக்கே மோக்சோஸ் சமவெளியிலிருந்து வருவோர், பனை வகை ஓலையைச் சுருட்டிச் செய்த பெரிய ஊதுகுழல்களைக் கொண்டுவந்து வயலின்களுக்குப் பக்கத்தில் நின்று ஊதுகிறார்கள். உருபிச்சாவில் படித்து வளர்ந்தவர்கள் சிலர் இப்போது மற்ற ஊர்களுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள்.