கதை எழுதக் கற்பித்தல்: சேர்வராயன் மலை தரும் பாடம்

சேலம் நகரிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறினால் ஏற்காடு. காப்பிக்கும் ஆரஞ்சுக்கும் பெயர் பெற்ற இந்தச் சேர்வராயன் மலை, கல்விக்கும் பெயர் பெற்றதாகும். 1894இல் சேக்ரட் ஹார்ட் கான்வென்ட் பள்ளியும், 1917இல் மான்ட்ஃபோர்ட் பள்ளியும் இங்கே தோன்றின. அங்கே தங்கிப் பயின்ற பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதிப் பழகினர். அதே மலையின் சிற்றூர்களில் வாழும் மலையாளிகள் எனும் பழங்குடியினர், தமிழே பேசுபவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பியர் மூவரின் வழித்தோன்றல்கள் தாங்கள் என்னும் வரலாற்றை அவர்கள் வாய்மொழியாகவே காத்து வந்தனர். ஒரே மலையில் எழுதும் கல்வி ஒருபுறம். சொல்லும் கதை மறுபுறம். இவ்விரண்டையும் ஒரு மாணவனின் ஏட்டில் இணைப்பது எவ்வாறு? கதை எழுதக் கற்பிக்க முனையும் எவரும் முதலில் விடை காண வேண்டிய வினா இதுவே.

தமிழில் கதை பாடநூலான வரலாற்றைச் சற்றே நோக்குவோம். 1812இல் சென்னையில் நிறுவப்பெற்ற கோட்டைக் கல்லூரி, ஆட்சி செய்ய வந்த ஆங்கில அலுவலர்களுக்கு நாட்டு மொழிகளைக் கற்பித்தது. அங்கே தலைமைத் தமிழாசிரியராக விளங்கிய தாண்டவராய முதலியார் பஞ்சதந்திரக் கதைகளை உரைநடையாக்கினார், ‘கதாமஞ்சரி’யையும் தந்தார். இரண்டும் 1826இல் அச்சேறின. அந்நாளில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த காக்பர்ன்தான் சேர்வராயன் மலையில் காப்பிப் பயிரை அறிமுகம் செய்தவர். ஆக, கற்பவர் கதையைப் படித்துப் பொருள் கொள்ள வேண்டும், அதன் நீதியை உணர வேண்டும் என்பதே அப்பாட முறையின் நோக்கம். தாமே ஒரு கதை படைக்க வேண்டும் என்று அவரை எவரும் கேட்கவில்லை. பின்னாளில் உயர்நிலைப் பள்ளித் தேர்வுகளில், குறிப்புகளைக் கொடுத்து அவற்றை விரித்தெழுதி நீதி கூறுமாறு பணித்ததும் இம்மரபின் தொடர்ச்சியே எனலாம். எலும்புக்கூட்டை ஆசிரியர் தருகிறார். மாணவன் அதற்குச் சட்டை தைக்கிறான். உயிர் எங்கிருந்து வரும்?

சட்டை என்றதும் நம் உள்ளம் யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றை நாடுகிறது. வரலாறுகளில் மிக அழகியது என்று திருக்குர்ஆன் சிறப்பிக்கும் அந்த வரலாற்றில் சட்டை மும்முறை வருகிறது. பொய்க் குருதி தோய்ந்து தந்தையிடம் வந்து அது வஞ்சகத்தைச் சுமக்கிறது. பின்புறம் கிழிந்து நபியின் தூய்மைக்குச் சான்று பகர்கிறது. இறுதியில் தந்தையின் முகத்தில் இடப்பட்டு, இறையருளால் இழந்த பார்வையை மீட்டுத் தருகிறது. இறைவசனத்தை மனிதக் கலைக்கு ஒப்பிடுவது நம் கருத்தன்று. ஆயினும், கண்ணால் காணத்தக்க ஒரு பொருள் எத்துணைப் பெரிய உண்மைகளைத் தாங்க வல்லது என்பதை ஓதுபவர் ஒவ்வொருவரும் உணர முடியும். நம் இல்லப் பிள்ளைகள் சிறு வயதிலேயே கேட்டறிந்த பாடம் இது.

தமிழ்ச் சிறுகதையின் தொடக்கமும் இதனையே உரைக்கிறது. வ.வே.சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’ 1915இல் வெளிவந்தது. கங்கைப் படித்துறை கதை சொல்வதாகத் தாகூர் வங்கத்தில் எழுதிய கதை ஐயருக்கு வழிகாட்டியது. படித்துறை இருந்த இடத்தில் அவர் நம்மூர் அரசமரத்தை நட்டார். அம்மரத்தடியில் நம்மூர்ப் பெண்ணின் துயரை அமைத்தார். வடிவத்தைப் பிறரிடம் கற்கலாம். மண் நம்முடையதாக இருக்க வேண்டும். தொடக்க மாணவனுக்கு இதைவிடச் சிறந்த விதி வேறில்லை.

நம் சமுதாயத்தின் கதை இலக்கியம் தன் மண்ணுக்கு வந்து சேர்ந்த பயணமோ நீண்டது. கண்டி நகரின் சித்திலெப்பை 1885இல் வெளியிட்ட ‘அசன்பேயுடைய கதை’ எகிப்து நாட்டைக் களமாகக் கொண்டது. பள்ளிக் கல்வியைத் தொடர இயலாத நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938இல் ‘காதலா? கடமையா?’ என்னும் புதினத்தைத் தந்தது அரிய சாதனை. அதுவும் அரச குடும்பக் கதையே. தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ 1988இல் நூலானபோது நம் கடற்கரை முஸ்லிம்களின் பேச்சும் பசியும் அச்சமும் தயக்கமின்றி ஏட்டில் ஏறின. இடையே நம் வாழ்வை எழுதிய பிறரும் உண்டு. ஆயினும் முதல் நூலுக்கும் இந்நூலுக்கும் இடையே 103 ஆண்டுகள்! நம் வீட்டுத் திண்ணையும் எழுதத் தக்கதே என்று பள்ளியில் ஓர் ஆசிரியர் சொல்லியிருந்தால் இக்காலம் எவ்வளவோ குறைந்திருக்கும் அன்றோ?

மீண்டும் சேர்வராயன் மலைக்கு வருவோம். 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த இராபர்ட் புரூஸ் ஃபூட், தம் முதுமையை ஏற்காட்டில் கழித்தவர். இம்மலை மக்கள் தமக்குக் கிடைத்த கற்கோடரிகளைச் சிறு கோயில்களில் வைத்துப் போற்றியதை அவர் பதிவு செய்துள்ளார். கல் ஒன்றுதான். அறிஞருக்கு அது பழங்காலத்தின் சான்று, மலைவாசிக்குப் புனிதம், அதைக் கண்டெடுத்த சிறுவனுக்கோ வேறொன்றாக இருந்திருக்கும். கதை பிறக்கும் இடம் இதுவே.

ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர் செய்யத்தக்கது எளிது. வீட்டிலிருந்து ஒரு பழம்பொருளைத் தேர்ந்துவரச் சொல்லுங்கள். அது காப்பித் தோட்டத்துக் கூடையாகலாம். பாட்டியின் வெற்றிலைப் பெட்டியாகலாம். கப்பலுக்குப் போன பாட்டனாரின் தகரப்பெட்டியாகலாம். அது யாருடையது, என்று வீட்டுக்கு வந்தது என்பதை மூத்தவரிடம் கேட்டறியட்டும். பின்பு ஒரே ஒருவரின் கண்கொண்டு, ஒரே ஒரு நாளை எழுதட்டும். நீதியை இறுதியில் எழுத வேண்டாம், நிகழ்ச்சி சொல்லட்டும். எழுத்துப் பிழைகளைத் திருத்துமுன் அக்கதையை வகுப்பில் உரக்க வாசிக்கச் செய்யுங்கள். எங்கே தோழர்கள் மூச்சடக்கிக் கேட்கிறார்கள் என்பதே முதல் மதிப்பெண்.

இதனால் எல்லாரும் எழுத்தாளராகிவிடப் போவதில்லை. ஆனால் பாட்டியிடம் கேள்வி கேட்கும் பிள்ளை ஒன்று ஒவ்வொரு வீட்டிலும் உருவாகும். மூத்தோர் ஒருவர் மறையும்போது எழுதப்படாத நூலொன்று அவருடன் மண்ணறைக்குச் செல்கிறது. தகரப்பெட்டி எஞ்சும்; அது சுமந்து வந்த கதை எஞ்சாது. பெற்றோர்களே, பிள்ளை கேட்க வரும்போது வேலையை ஒதுக்கிவைத்துச் சொல்லுங்கள்.